முள்ளெலி என்று நான் சொல்லவே இல்லை

ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, இனிமேல் பெரியவர்களுக்கான புத்தகங்களை மட்டும்தான் படிப்பது என்று தீர்மானம் செய்தேன். மூன்றரைக்கு அந்தத் தீர்மானம் காலமாகிவிட்டது. பதினைந்து நிமிஷம் உயிரோடு இருந்தது. என் தீர்மானங்களில் அது கொஞ்சம் தீர்க்காயுசு.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கீழே கடை, மேலே வீடு, நடுவில் பதினெட்டுப் படி. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாற்காலியில் ஆட்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரில் பாதிப் பேரைத் தெளியவைத்தவன் நான். வீட்டில் மட்டும் எனக்கு இன்னும் ஒன்றும் தெளியவில்லை.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சையில் பிட் அடிக்கிறவர்களைப் பிடிப்பதில் அவளுக்கு ஜில்லாவிலேயே பெயர் உண்டு. ஹாலின் கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டு, முதல் வரிசையில் இருக்கும் பிள்ளையின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு, பேனா மூடிக்குள் இருப்பதை எடு என்பாளாம். மூடியைக் கழற்றினால் இருக்குமாம். எனக்குக் கிட்டப்பார்வை, அவளுக்குத் தூரப்பார்வை. இதைக் கண்ணாடி நம்பரை வைத்து மட்டும் நான் சொல்லவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. குடிப்பழக்கம் என்றால் வெளியில் சொல்லிக்கொள்ளலாம், துணைக்கு நாலு பேர் வருவார்கள். எனக்கு இருப்பது குழந்தைகள் கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொழில் காரணமாக ஆரம்பித்தது. குழந்தைகளுக்குக் கண் பார்க்கும்போது, கிட்டத்தில் படிக்கிறார்களா என்று பார்க்க ஒரு அட்டை கொடுப்பேன். அதில் தொழில் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு பத்தி அச்சடித்திருக்கும். இரண்டு வரி படித்ததும் குழந்தை கொட்டாவி விடும். கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் எழுத்து மங்கும். எழுத்து மங்கினால் நான் தப்பான பவர் எழுதுவேன். தொழில் முன்னேற்றத்தைப் படிக்க வைத்தே என் தொழில் பின்னேறிக்கொண்டிருந்தது. அதனால் கதைப் புத்தகம் நாலு வாங்கி வந்தேன். எழுத்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதல் புத்தகத்தைத் திறந்தேன். மூடியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, கடைக்காரர் தலையைக் குனிந்து தியானத்தில் இருக்கிறார் என்று பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எப்படிச் சொல்வது? என் பிழைப்பே மங்கலை விரட்டுவது. அந்தப் புத்தகங்கள் மங்கலை மெல்லக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தன. கடையின் நாலு சுவரும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஷெல்ஃபில் வரிசையாக இருக்கிற நூற்றியிருபது ஃப்ரேம்களும் முகமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் அவையும் போய்விடும். மேகம் குனிந்து தண்ணீர் குடிக்கிற ஏரி ஒன்று, தன் நிழலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மாடு ஒன்று, கெண்டிக்குள் படகு விடுகிற பெண் ஒருத்தி என்று ஒவ்வொன்றாக வந்து என் மேஜைமேல் உட்காரும். அங்கே யாரையும் பார்த்து "இது தெளிவா" என்று நான் கேட்க வேண்டியதில்லை. தெளிவாக இல்லாததுதான் அழகு.

அடுத்தடுத்து வாங்கினேன். புத்தகக் கடைக்காரர் ஒருநாள், குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டுவிட்டார். "ஐம்..." என்று ஆரம்பித்து, சுதாரித்துக்கொண்டு, "ஐந்து" என்று முடித்தேன். இது ஏழு வயசுக்கு மேலே உள்ளவங்களுக்காச்சே என்றார். வயசுக்கு மீறின புத்தி என்றேன். என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

ஒளித்து வைக்க ஒரு வழி செய்திருந்தேன். படித்த காலத்தில் வாங்கிய விழி ஒளியியல் பாடப்புத்தகம் ஒன்று இருக்கிறது. எண்ணூறு பக்கம், தலையணை சைஸ். அதைத் திறந்து நடுவில் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் மனைவி கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். இந்த வயசிலும் இவ்வளவு படிக்கிறீங்களே என்பாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அன்று நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு முள்ளெலியைப் பற்றிய புத்தகம். முள்ளெலி காட்டில் தபால்காரர். அவரிடம் பை கிடையாது. அதனால் கடிதங்களை முதுகு முள்ளில் குத்திக்கொண்டு போவார். போய்ச் சேரும்போது ஒவ்வொரு கடிதத்திலும் நாலைந்து ஓட்டை இருக்கும், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வார்த்தை போயிருக்கும். இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள் என்பார்.

அணில் அம்மாவுக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது. "அம்மா, நான் அடுத்த" என்று இருக்கிறது. அப்புறம் ஒரு ஓட்டை. அப்புறம் "வந்துவிடுவேன்" என்று இருக்கிறது. அம்மா அந்த ஓட்டையில் "வாரம்" என்று போட்டுக்கொள்கிறாள். வாராவாரம் பொந்தைக் கூட்டி மெழுகுகிறாள். முள்ளெலி ஒருநாள் ஓடையில் குளிக்கும்போது, முதுகு முள்ளில் ஒட்டியிருந்த ஒரு காகிதத் துண்டு தண்ணீரில் விழுகிறது. அதில் "வருஷம்" என்று எழுதியிருக்கிறது.

மூன்றேகாலுக்கு நான் தலையைத் தூக்கினேன். எதிரே, ஃப்ரேம் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். அரை வழுக்கை. தலைமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. ஒரு அணிலுக்காக அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் அந்தத் தீர்மானத்தைச் செய்தேன். புத்தகத்தை மூடினேன். மேஜையைத் துடைத்தேன். ஃப்ரேம்களை நேராக்கினேன். அந்தத் துண்டை முள்ளெலி என்ன செய்தார் என்பதை மட்டும் பார்த்துவிடலாம் என்று மறுபடி திறந்தபோது கதவு மணி அடித்தது.

வந்தவர் நீதிபதி. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது, ஆனாலும் எல்லோருக்கும் நீதிபதிதான். கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காரும் பட்டை லூசாக இருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். நான் பாடப்புத்தகத்தைப் பட்டென்று மூடி, ஒரு நாவல் படித்தேன், மனசு கனத்துவிட்டது என்றேன். என்ன நாவல் என்றார். ஒரு தபால்காரரின் கதை என்றேன். மொழிபெயர்ப்பா என்றார். ஆமாம் என்றேன். காட்டிலிருந்து மனிதர்கள் மொழிக்கு வந்த கதை மொழிபெயர்ப்புதானே. அவர் கேட்ட மூன்று கேள்விக்கும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

இந்த நீதிபதி என் மனைவி நடத்துகிற ஞாயிறு வாசகர் வட்டத்தில் ஒருவர். மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு, எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு மணிக்குக் கூடுவார்கள். மனைவியைத் தவிர ஆறு பேர். நீதிபதி, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற லேடி டாக்டர், இன்னும் நாலு பேர். அந்த நாலு பேரை எனக்குப் பெயரால் தெரியாது, பவரால் தெரியும். அவர்கள் படிப்பதெல்லாம் கனமான நாவல்கள். முதல் பக்கத்தில் ஒருவர் இருமுவார். கடைசிப் பக்கத்தில் போய்ச் சேருவார். நடுவில் நானூறு பக்கம் மழை பெய்யும். நான் அந்த நேரத்தில் கடையில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் மனைவி வந்ததும், வருகிற ஞாயிறு வட்டத்தில் நான்தான் பேச வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தபால்காரர் நாவலைப் பற்றி. எனக்கெல்லாம் பேச வராது, கடையில் ஸ்டாக் எடுக்கணும், தொண்டை சரியில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்க பேசினா எனக்குப் பெருமையா இருக்கும்."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அந்த வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை. பதினெட்டுப் படியையும் அன்று மிதக்கிற மாதிரி ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏழு நாற்காலி அரை வட்டமாக, எட்டாவது நாற்காலி எனக்கு, எதிரே. சாட்சிக் கூண்டு மாதிரியே இருந்தது. ஒரே ஒரு ஜாக்கிரதை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாரையும் மிருகம் என்று சொல்லக் கூடாது. எல்லோரும் அவர், இவர். அவ்வளவுதான்.

ஆரம்பித்தேன். ஒரு தபால்காரர். தனியாக வாழ்கிறவர். அவர் கொண்டுவரும் எல்லாக் கடிதத்திலும் ஓட்டை. ஏன் ஓட்டை என்று டாக்டர் கேட்டார். அவருடைய உடம்பு வாகு அப்படி என்றேன். நீதிபதி கையைத் தூக்கி டாக்டரை நிறுத்தினார். அது குறியீடு, அவர் சொல்லட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

"அவருக்கு யாராவது நெருக்கமானவங்க உண்டா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க. யாராவது கிட்ட வந்தா சுருண்டுடுவார்."

நீதிபதி மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்படிப்பட்ட சாட்சிகளை நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்றார் டாக்டர்.

"குளிர்காலத்துல நாலு மாசம் தொடர்ந்து தூங்குவார்."

"என்ன மருந்து எடுத்துக்கறார்?"

"மருந்தெல்லாம் இல்லை. தானா வரும்."

டாக்டர் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு தொழில்முறைப் பொறாமை தெரிந்தது. சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று மைனஸ் மூன்றரை கேட்டார். பூச்சி, புழு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவு வறுமையா என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

என் மனைவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்டாள்.

"அவர் உயரம் எவ்வளவுங்க இருக்கும்?"

"நடுத்தரம்."

"யாரோட ஒப்பிட்டா?"

"கதையில வர்ற மத்தவங்களோட ஒப்பிட்டா."

அதுவும் பொய் இல்லை. அணிலைவிடப் பெரியவர், முயலைவிடச் சின்னவர்.

பிறகு அந்த அம்மாவின் கடிதத்துக்கு வந்தேன். உயரத்தில், தனியாகக் குடியிருக்கும் ஒரு அம்மா என்றேன். அந்த ஓட்டையைச் சொன்னேன். அவள் "வாரம்" என்று போட்டுக்கொண்டதைச் சொன்னேன். வாராவாரம் வீட்டைக் கூட்டி மெழுகி, வாசலைப் பார்த்து உட்கார்ந்ததைச் சொன்னேன். அப்புறம் ஓடை, காகிதத் துண்டு, "வருஷம்". அந்தத் துண்டை அவர் என்ன செய்தார் தெரியுமா? ஈரம் காயவைத்து மறுபடி முதுகிலேயே ஒட்டிக்கொண்டார். யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அந்த அம்மா வீட்டு வழியாகப் போய், அவள் மெழுகிய தரையைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் கூடம் இல்லை. காட்டில் மழை விட்டு இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. பாசி வாசனை வந்தது. நான் நிறுத்தியபோது நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். தன் அண்ணன் அனுப்பிய கடிதம் ஒன்று பதில் போடாமல் அலமாரியில் இருக்கிறது என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

முடிவு என்ன என்று கேட்டார்கள். தபால்காரரின் பாதையில் ஒரு கிழவர் இருக்கிறார், மரவீட்டில் குடியிருப்பவர், ராத்திரி வேலை. அவருக்கு வாழ்க்கையில் ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அவருக்குத் தானே ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று தபால்காரர் நினைக்கிறார். ஆனால் தபால்காரருக்கு எழுதத் தெரியாது. இது வரைக்கும் சொல்லிவிட்டு, மீதியை நீங்கள்தான் படிக்க வேண்டும் என்று கம்பீரமாக முடித்தேன். உண்மை என்னவென்றால், நானே இன்னும் படிக்கவில்லை. நல்ல புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை ஒரு வாரம் பத்து நாள் படிக்காமல் வைத்திருப்பேன். படித்துவிட்டால் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டுமே.

வினை அங்கேதான் வந்தது. புத்தகத்தைக் கொடுங்கள் என்று ஆறு கைகள் நீண்டன. அட்டையில் தொப்பி போட்ட முள்ளெலி சிரித்துக்கொண்டிருக்கிறது. பின்னட்டையில், ஏழு முதல் பத்து வயது வரை என்று போட்டிருக்கிறது. எப்படிக் கொடுப்பது? காலையில் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்றேன்.

"எந்த பஸ்?" என்றாள் மனைவி.

"பதினேழு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் எல்லோரையும் பார்த்து, அப்போ ஒண்ணும் பண்ண முடியாது என்று வருத்தமாகச் சொன்னாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் நம்பர் ஓடாது என்பது மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

கீழே ஓடிப்போய்ப் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே விழி ஒளியியல் மட்டும்தான் இருந்தது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொலைந்துபோனதாக நானே ஆறு பேர் முன்னால் சொன்ன புத்தகம் நிஜமாகவே தொலைந்துபோய்விட்டது. காணோம் என்று யாரிடம் சொல்வது? சொன்னால், அதுதான் தெரியுமே என்பார்கள். சத்தம் போடாமல் தேடினேன். லென்ஸ் பெட்டிக்குப் பின்னால், வீட்டு அலமாரியில், அவள் திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டுக்கு அடியில். செவ்வாய்க்கிழமை சுற்றி வளைத்து, தொலைந்த சாமானையெல்லாம் எங்கே வைப்பார்கள் என்று அவளைக் கேட்டுப் பார்த்தேன். தொலைச்ச இடத்திலதான் என்றாள்.

புத்தகக் கடைக்குப் போய் இன்னொன்று கேட்டேன். அச்சில் இல்லை என்றார். குழந்தை பழசைக் கிழிச்சிடுச்சா என்று ஆதரவாக வேறு கேட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் கடையில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பார், நான் லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுதத் தெரியாதவர் அந்த மரவீட்டு ஆந்தைக்கு எப்படி எழுதியிருப்பார்? காலடித் தடத்தாலா? இலையைக் கடித்தா? வெள்ளிக்கிழமை ஒருவருக்குப் பவர் எழுதுகிற இடத்தில் "ஆந்தை" என்று எழுதிவிட்டேன். அவர் பயந்துபோய், ராத்திரியில் கண் தெரியுதுங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்களே என்று கேட்டார். எதிர்த் தெருவில் வெயில் மரத்தடியில் வட்டம் வட்டமாக விழுந்திருக்கும். அதெல்லாம் எனக்குக் கடிதத்தின் ஓட்டைகளாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு, நானும் கட்டாயம் வர வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். போனேன். எல்லோரும் உட்கார்ந்ததும் அவள் கைப்பையைத் திறந்தாள்.

"இவர் பஸ்ஸில் தொலைச்ச புத்தகம் கிடைச்சிடுச்சு" என்று எடுத்து நீதிபதியிடம் கொடுத்தாள்.

தொப்பி போட்ட முள்ளெலி நீதிபதியைப் பார்த்துச் சிரித்தது. நீதிபதி முன்னட்டையைப் பார்த்தார். பின்னட்டையைப் பார்த்தார். ஏழு முதல் பத்து என்பதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை படித்தார். நான் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருண்டுகொள்ளும் வசதி எனக்கும் இருந்திருக்கலாம்.

"முள்ளெலின்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் கடைசியில்.

"நீங்க கேக்கவே இல்லைங்களே."

அவர் பக்கங்களை ஒருமுறை புரட்டினார். அப்புறம் புத்தகத்தை என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்து, முதலிலிருந்து படிங்க டீச்சர் என்றார்.

அவள் படித்தாள். முப்பது வருஷமாகத் தேற்றங்களைச் சொல்லிக்கொடுத்த குரல் அது. அந்தக் குரலுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முயல் பேசும்போது கொஞ்சம் அவசரமாக, ஓடை வரும்போது கொஞ்சம் குனிந்து படித்தாள். கூடத்தில் வெளிச்சம் மெதுவாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. டாக்டர் கால்களை நாற்காலிமேல் தூக்கி மடித்து வைத்துக்கொண்டார். மைனஸ் மூன்றரையும் பிளஸ் இரண்டும் ஒருவர் தோளில் ஒருவர் சாயாத குறை. நீதிபதியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுபது வயது முகத்தில் ஏழு வயது வந்து உட்கார்ந்திருந்தது. யாருக்கும் இருமல் வரவில்லை. நானும் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தேன். ஓடையைத் தாண்டினோம். அணில் வீட்டுத் தரையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றோம். மரவீட்டுக்கு அடியில் வந்து நின்றோம். கடைசி அத்தியாயம்.

அவள் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"எல்லாருக்கும் தொண்டை காஞ்சிருக்கும். இவர்தான் முடிவு வரைக்கும் படிச்சவராச்சே. போய் டீ போட்டுக் கொண்டுவரட்டும்."

ஏழு முகங்கள் நன்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்தன. எழுந்து போனேன்.

சமையலறை கூடத்திலிருந்து அவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் கொதிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். "அப்போது ஆந்தை சொன்னது" என்று அவள் குரல் கேட்டது. டாக்டர் மூக்கைச் சிந்தினார். ஆந்தை சொன்னது மூக்கோடு போயிற்று. மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். எட்டு டம்ளரோடு நான் வந்தபோது புத்தகம் மூடியிருந்தது. எல்லோர் கண்ணும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நீதிபதி என்னைப் பார்த்து, எப்படிங்க இந்த முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வாரமா வாயைத் திறக்காம இருந்தீங்க என்றார். கஷ்டமாகத்தான் இருந்தது என்றேன்.

ஆறு மணிக்கு எல்லோரும் போனார்கள். நான் டம்ளர்களை எடுத்தேன். அவள் நாற்காலிகளை எடுத்தாள். இனிமேல் முடியாது என்று தோன்றியது. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷப் பழக்கம், பாடப்புத்தகத்தின் நடுப்பக்கம், பதினேழாம் நம்பர், கடைசி அத்தியாயத்தைப் படிக்காதது, எல்லாமும்.

"தெரியுமே" என்றாள். "நீங்க காலையில நடக்கப் போறீங்களே ஒரு மணி நேரம், அப்ப நான் கீழே வந்து அந்த டெஸ்ட் நாற்காலியில உக்காந்து படிப்பேன். ரெண்டு வருஷமா. நீங்க வெச்ச அடையாளத்தை அதே பக்கத்துல வெச்சுட்டுப் போயிடுவேன்."

இரண்டு வருஷமாக ஒரே காட்டில் இரண்டு பேரும் நடந்திருக்கிறோம். காலையில் அவள், மத்தியானம் நான். மேகம் குனிந்து தண்ணீர் குடித்த ஏரிக்கரையில் எனக்கு முன்னால் அவள் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறாள். நான் பார்க்காத அவள் காலடி எத்தனையோ. அப்புறம் எதற்காக என்னை அந்த எட்டாவது நாற்காலியில் உட்கார வைத்தாய் என்று கேட்டேன்.

"எனக்கும் அந்த இருமல் நாவலெல்லாம் போதும் போதும்னு ஆயிடுச்சு. ஆனா நானே முள்ளெலியைத் தூக்கிட்டு வந்தா, டீச்சருக்கு என்னமோ ஆச்சுன்னு நினைப்பாங்க. நீங்க கொண்டுவந்தா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. அதான் நீதிபதிகிட்ட, புதன்கிழமை மூணரைக்குப் போங்க, கூட்டம் இருக்காதுன்னு சொன்னேன்."

கோபப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம் வரவில்லை. ஜன்னல் வழியாகச் சாயங்காலம் உள்ளே வந்து அவள் தலைமேல் நின்றுகொண்டிருந்தது. இவளோடு இன்னும் எத்தனையோ புத்தகம் படிக்கலாம் என்று தோன்றியது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கடைசி அத்தியாயத்தை இப்போது இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாமா என்று கேட்டேன்.

"புத்தகம் இங்க இல்லையே. தனியா உக்காந்து இன்னொரு தடவை படிக்கணும்னு நீதிபதி எடுத்துட்டுப் போயிட்டார். எல்லாருமே கேட்டாங்க. வரிசை போட்டு எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஆறு பேர். அப்போ நான் ஏழு."

"நீங்க எட்டு. ஏழாவது டாக்டரோட மாமியார்."

"சரி, அவங்க எப்ப முடிப்பாங்க?"

"அவங்க எங்க ஆரம்பிக்கறது? அவங்க கண்ணாடி ரெண்டு வாரமா உங்க கடையிலதான் கிடக்குதாம்."